பிளேட் போட்ட நாள்

சாய்ந்தமருது
12.01.2025

அன்புள்ள காக்காவுக்குத் தங்கச்சி றபீக்காவின் ஸலாம்.

நானும் மகள் ஸம்றாவும் அல்லாஹ்வின் உதவியால் நலம். ஓமானில் உங்கள் சுகம் எப்படி? காதுக்கு மருந்து போடுகிறீர்களா? போன மாதம் போனில் நான் நாலு தரம் கத்தியும் உங்களுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஸம்றா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் அவளோடு சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதேன். கொங்கிறீட் உடைக்கிற மெஷினோடு இத்தனை வருடம் நின்றால் காது மிஞ்சுமா? இனிமேல் கடிதம்தான். மெசேஜ் போடலாம்தான், ஆனால் போன் இருபத்துநாலு மணிநேரமும் ஸம்றாவின் கையில். இது அவள் பார்க்கக் கூடாத விசயம்.

நம் வீட்டு மேல் பிளேட், அந்தக் கொங்கிறீட் கூரை, கொட்டத் தொடங்கிவிட்டது காக்கா. முன்பும் அங்கொன்று இங்கொன்றாகச் சிறு துண்டு விழும், கூட்டி அள்ளிக் கொட்டிவிடுவேன். இந்த மார்கழி மழைக்குப் பிறகு நிலைமை வேறு. முன் அறையில் பின்னேரம் அஸர் தொழுகை நேரம் ஒரு சுளகு அகலத்துக்குக் கொங்கிறீட் பெயர்ந்து விழுந்தது. மேலே பார்த்தால் கம்பிகள் தெரிகின்றன. கம்பி என்று சொல்லவும் முடியாது, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது.

ஸம்றாவுக்கு அப்துல் ஹமீட் மாஸ்டரின் மகனைப் பேசியிருக்கிறோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கலியாணம். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டுமா? எனக்கு வீடு கட்டித் தருவதற்காகத்தானே நீங்கள் உங்கள் வயதையே விட்டீர்கள். இனி அந்த வீடு அவளுக்கு. மாப்பிள்ளையின் உம்மா முனவ்வறா அடுத்த மாதம் வீடு பார்க்க வருகிறா. அவவின் கண் நிலத்தைப் பார்க்காது, நேரே மேலேதான் போகும்.

எல்லாம் மௌத்தாகிப் போன ஸம்றாவின் வாப்பாவின் வேலை. கடல் மண்ணை ஏற்றி வந்து கொட்டிவிட்டு ஆற்று மண் என்று சாதித்தார். என்ன செய்யலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டைக் கட்டிய மேசன் கைக்குத்தானே தெரியும்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும் தங்கச்சி,
றபீக்கா.


துக்ம், ஓமான்
04.02.2025

அன்புள்ள தங்கச்சி றபீக்காவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

இங்கே நான் நலம். காதைப் பற்றிக் கவலைப்படாதே. மெஷின் வேலையிலிருந்து மாற்றிவிட்டார்கள். இப்போது துறைமுகத்தின் கொங்கிறீட் தூண்களைச் சோதிக்கும் ஆட்களோடு நிற்கிறேன். தூணிலிருந்து தூள் எடுத்துச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. சத்தமில்லாத வேலை. எனக்கு எல்லா வேலையும் இப்போது சத்தமில்லாத வேலைதான்.

கடலுக்குள் முழுதாக முங்கிக் கிடக்கும் தூண் நாற்பது வருடமானாலும் அப்படியே இருக்கிறது. அலை வந்து நனைத்து, வெயில் வந்து காய வைத்து, திரும்பவும் நனைக்கும் இடத்தில்தான் கேடு. உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்தால் ஊதும். ஊதினால் கொங்கிறீட்டைப் பிளந்து தள்ளும். நம் வீட்டிலும் அதுதான் நடக்கிறது.

நீ இரண்டு காரியம் செய். ஒரு நீட்டுத் தடியால் பிளேட்டின் அடிப்பக்கத்தை எல்லா இடமும் தட்டிப் பார். கல்லில் தட்டுவதுபோல் கேட்டால் நல்லது. வெறும் பெட்டியில் தட்டுவதுபோல் கேட்டால் உள்ளே பிடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் கரியால் கோடு போடு. இரண்டாவது, மேசன் முத்தலிப்பைக் கூப்பிட்டு ஓர் இடத்தில் உளியால் துளைத்து, மேலிருந்து கொஞ்சம், நடுவிலிருந்து கொஞ்சம், கீழிருந்து கொஞ்சம் என்று மூன்று பையில் தூள் எடுக்கச் சொல். பையில் எழுதிவிடு. நம் அச்சிமுகம்மதின் மகன் மர்சூக் லீவில் வந்து நிற்கிறானே, அவனிடம் கொடுத்தனுப்பு. இங்கே பார்த்துச் சொல்கிறேன்.

மண்ணைப் பற்றி இப்போது ஏன். போனவரை விடு.

ஸம்றாவுக்கு மாமாவின் ஸலாம் சொல்.

இப்படிக்கு,
காக்கா மிஹ்லார்.


சாய்ந்தமருது
23.02.2025

காக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல்.

நீங்கள் சொன்னபடி தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் வீடெல்லாம் தட்டினேன். பல்லிகள் பயந்து பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டன. பக்கத்து வீட்டு நபீஸா வந்து எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, ஜின் கின் பிடிச்சிட்டா?" என்று கேட்டாள். முதலில் நல்ல இடத்துக்கும் கெட்ட இடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு தூணில் தட்டிப் பார்த்தேன், அப்போதுதான் நல்ல சத்தம் எப்படி என்று பிடிபட்டது. கரிக்கோடு போட்டுப் போட்டு, கடைசியில் கோடு போடாத இடம் எது என்று தேட வேண்டியதாகிவிட்டது. குசினிப் பக்கம் ஒரு பாய் அகலம் நல்லது. மற்றதெல்லாம் பெட்டிச் சத்தம்.

இந்த பிளேட்டை எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது காக்கா. இரண்டு வருடத்துக்கு முன் ஸம்றாவின் வாப்பா மௌத்தாகி, வெளியே போகாமல் இத்தாவில் இருந்த நாலு மாதம் பத்து நாளும் மல்லாந்து படுத்து இதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பழுப்புக் கறை எந்த மாதம் வந்தது என்றுகூடச் சொல்வேன். அந்த நாட்களில் வந்து கதைக்க ஆட்கள் இருந்தார்கள். பின்னேரமானால் எல்லோரும் போய்விடுவார்கள். பிறகு நானும் பிளேட்டும்தான்.

முத்தலிப் தூள் எடுத்துத் தந்தார். மேல், நடு, கீழ் என்று எழுதியிருக்கிறேன். மர்சூக் வாங்கும்போது முகத்தைச் சுளித்தான். "மாமி, எல்லாரும் பருப்பும் மாசியும் தந்துடுவாங்க, நீங்க வீட்ட இடிச்சுத் தாறீங்களே" என்றான். மாசிக் கருவாடும் அதோடு வைத்திருக்கிறேன், சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

முனவ்வறா வந்து போனா. நான் முன் அறையில் பெருநாள் சீலையை மேலே கட்டி மறைத்திருந்தேன். பந்தல் மாதிரி அழகாக இருக்கிறதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னா, ஆனால் சீலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டா.

நோன்பு வருகிறது. எங்களுக்காகத் துஆ கேளுங்கள்.

றபீக்கா.


துக்ம்
16.03.2025

அன்புள்ள தங்கச்சிக்கு, அல்லாஹ்வின் ஸலாம் உண்டாகட்டும். உங்கள் நோன்புகளை அவன் ஏற்றுக்கொள்வானாக.

மாசி கிடைத்தது. மூன்று பைகளும் கிடைத்தன. சோதனைக்கூடத்தில் ஒரு மலையாளி இருக்கிறார், நல்ல மனிதர். வேலை முடிந்த பிறகு எனக்காகப் பார்த்துத் தந்தார். மூன்றிலும் உப்பு இருக்கிறது. நிறைய இருக்கிறது.

ஆகவே பூசி மறைக்கும் வேலை வேண்டாம். முத்தலிப் அப்படித்தான் சொல்வார், இங்கேயும் முதலில் அப்படித்தான் செய்தார்கள். கெட்ட இடத்தை வெட்டி எடுத்துப் புதுச் சீமெந்து அடைத்தால், அந்த இடம் நன்றாக இருக்கும். ஆனால் அதைச் சுற்றி உப்புள்ள பழைய கொங்கிறீட்டில் துரு முன்னைவிடக் கெதியாக ஓடும். ஒட்டுப் போட்ட சீலை ஒட்டுக்குப் பக்கத்தில் கிழிவதுபோல. இரண்டு வருடத்தில் ஸம்றாவின் பிள்ளையின் தொட்டிலுக்கு மேல் விழும். முழு பிளேட்டையும் உடைத்து இறக்க வேண்டும். தூண்களையும் சுவரையும் தொட வேண்டாம். அவை நல்லவை. மேலே கூரைக்குத் தகட்டுச் சீற் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே நோன்பு திறக்கும்போது நாற்பது பேர் ஒரு பாயில் இருக்கிறோம். மற்றவர்கள் பாங்கு கேட்டுப் பேரீச்சம்பழத்தை எடுப்பார்கள். நான் அவர்களின் கையைப் பார்த்து எடுக்கிறேன். கஞ்சி நம் ஊர்க் கஞ்சி மாதிரி இல்லை.

பிளேட்டை உடை. காரணம் கேட்காதே.

காக்கா.


சாய்ந்தமருது
06.04.2025

காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி போயிற்று. நீங்கள் புது உடுப்பு எடுத்தீர்களா என்று கேட்க மாட்டேன், எடுத்திருக்க மாட்டீர்கள்.

காரணம் கேட்காமல் இருக்க நான் என்ன, வாயில்லாப் பூச்சியா?

உடை என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டீர்கள். அதை எப்படி உடைப்பது? சுனாமியில் உம்மா, வாப்பா, வீடு எல்லாம் போய் நான் கூடாரத்தில் கிடந்தபோது, மச்சானின் கையில் பிடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது, தலைக்கு மேல் பிளேட் வேண்டும் என்று நின்றவர் நீங்கள். ஊரில் எல்லோரும் தகரம் போட்டார்கள். எனக்குக் கொங்கிறீட். அதைக் கட்டி முடித்த கையோடு வெளிநாடு போனவர், தனியாளாகவே ஐம்பத்துமூன்று வயதாகிவிட்டது. அது கூரையில்லை காக்கா, உங்கள் வயது. அதைச் சம்மட்டியால் அடிக்கச் சொல்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸம்றாவின் வாப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டிக் கபன் துணி இட்ட பிறகு, மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி என்னிடம் வந்து கேட்டார்கள், "நளீம்ட குத்தங்குறையெல்லாம் பொருந்திக்கிட்டீங்களா?" என்று. நான் ஓம் என்றேன். எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் அப்போதும் என் கண் மேலே போனது. எல்லாவற்றையும் பொருந்திக்கொண்டேன், அந்த மண்ணை மட்டும் பொருந்திக்கொள்ளவில்லை. என் காக்காவின் உழைப்பைக் கடல் மண்ணில் கரைத்துவிட்டாரே என்ற கோபம் போகவில்லை. இதை உங்களைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது ஒரு கேள்வி. முத்தலிப் உங்கள் கடிதத்தைக் கேட்டுவிட்டுத் தூண்களையும் தட்டிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. "இது நேத்துப் போட்ட தூண் மாதிரி கிடக்கு" என்கிறார். தூணுக்கும் பிளேட்டுக்கும் ஒரே மண் குவியல்தான். காணியின் வேலியோரம் கொட்டிக் கிடந்தது, நான்தான் கோழி கிளறாமல் காவல் இருந்தேன். மண்ணில் உப்பு என்றால் தூண் எப்படித் தப்பியது?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். உடைப்பதைப் பிறகு பார்ப்போம்.

றபீக்கா.


சாய்ந்தமருது
08.05.2025

காக்காவுக்கு ஸலாம்.

ஒரு மாதம் கடந்துவிட்டது. பதில் இல்லை. சுகமில்லையா? மர்சூக்குக்குப் போன் எடுத்தேன், "மாமா நல்லாத்தான் இரிக்காரு, வேலைக்குப் போறாரு, வாறாரு" என்கிறான். அப்படியென்றால் கடிதம் தொலைந்திருக்கும். திரும்பவும் கேட்கிறேன். தூண் ஏன் கெடவில்லை?

தங்கச்சி.


துக்ம்
20.05.2025

தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. இங்கே வேலை கூடிவிட்டது. வெயிலும் தொடங்கிவிட்டது. தூண் விசயத்தை நேரில் கதைப்போம். முன் அறையில் ஸம்றாவைப் படுக்க விடாதே. முத்தலிப்பிடம் சொல்லிப் பத்து மரம் வாங்கி பிளேட்டுக்கு முட்டுக் கொடு.

காக்கா.


சாய்ந்தமருது
14.06.2025

காக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நேரில் கதைப்போம் என்கிறீர்கள். எந்த நேரில்? எட்டு வருடமாக நீங்கள் ஊருக்கு வரவில்லை. மச்சானின் மையித்து அடக்கத்துக்கும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றீர்கள், நம்பினேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பகல் சோறு தின்றுவிட்டு ஸம்றா முன் அறையில் சாய்ந்திருந்தாள். எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிற பிள்ளையா? தூறல் விழுந்தது. "மகள், கொடியில உடுப்புக் கிடக்கு, ஓடிப் போய் எடு" என்று சத்தம் போட்டேன். முணுமுணுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். அவள் வாசல் படியில் கால் வைக்கவில்லை, உள்ளே இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். முட்டுக் கொடுத்த இரண்டு மரங்களுக்கு நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு துண்டு அப்படியே கட்டிலில் கிடந்தது. தலையணையைத் தோண்டித்தான் எடுத்தோம்.

அவள் கையில் துவைத்த உடுப்போடு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அழவில்லை. "உம்மா, இந்த வீடு எனக்கு வேணாம்" என்றாள்.

காக்கா, நான் உங்களிடம் எதையும் கேட்டு வளர்ந்தவள் இல்லை. நீங்களாகவே தந்தீர்கள். முதல் தடவையாக ஒன்று கேட்டேன். அதற்கு நீங்கள் முட்டுக் கொடுக்க மரம் வாங்கச் சொன்னீர்கள். பிளேட் போட்ட அன்று என்ன நடந்தது? நான் மூலையில் முப்பது பேருக்குச் சோறாக்கிக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இதற்கும் பதில் வராவிட்டால் இனி எழுத மாட்டேன்.

றபீக்கா.


துக்ம்
01.07.2025

என் தங்கச்சி றபீக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.

பிள்ளையைக் காப்பாற்றிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. மர்சூக் காய்ச்சல் என்று நினைத்துக் குளிசை கொண்டுவந்து தந்தான்.

றபீக்கா, அது ஆற்று மண்தான். சவளக்கடைப் பக்கமிருந்து நளீம் மச்சான் ட்ரக்டரில் ஐந்து தடவை போய் ஏற்றி வந்த சுத்தமான மண். பிழை மண்ணில் இல்லை, தண்ணீரில். அந்தத் தண்ணீரை ஊற்றியவன் நான்.

சுனாமிக்குப் பிறகு நம் கிணறெல்லாம் உப்பாகிக் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். தூண் போட்ட நாட்களில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வந்தது, நல்ல தண்ணீரில் குழைத்தோம். பிளேட் போட்ட அன்று காலை பவுசர் வரவில்லை. எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. முப்பது பேர் சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நீ அடுப்பில் பெரிய சட்டியை ஏற்றிவிட்டாய். மண்ணும் சல்லியும் சீமெந்தும் சேர்த்துப் புரட்டியாயிற்று. செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். அதை விட்டால் விசா போய்விடும், நீ இன்னொரு மழைக்குக் கூடாரத்தில் கிடப்பாய். நான் கிணற்றில் அள்ளச் சொன்னேன்.

நளீம் மச்சான் வாளியில் கையை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "மச்சான், இது கடல். ஆக்கள நாளைக்கு வரச் சொல்லுவம்" என்றார். அத்தனை பேருக்கு முன்னால் நான், "மேசன் நானா நீயா?" என்று கேட்டேன். பின்னேரம் பிளேட் முடியும்வரை அவரும் அந்தத் தண்ணீரைத்தான் சுமந்தார். பிறகு பதினாலு நாளும் காரைதீவுப் பக்கத்திலிருந்து சைக்கிளில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து பிளேட்டில் ஊற்றியிருக்கிறார், உப்பு கழுவுப்படட்டும் என்று. உப்பு அப்படிப் போகாது. அது அவருக்குத் தெரியாது.

பத்து வருடத்துக்கு முன் முதல் பழுப்பு வந்தபோது யாரோ மண் பிழை என்று சொன்னார்கள், நீ அவரை ஏசினாய். அன்று பின்னேரமே எனக்குப் போன் எடுத்தார். அப்போது காது கேட்டது. நான் றபீக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "வேணாம் மச்சான். புருசன ஏசினா ராவைக்குள்ள அவளே சோறு போட்டுத் தந்துடுவா. காக்காவ வெறுத்தா அவளுக்கு வேற ஆரு இரிக்கா? இத என்னோடயே விட்டுடுங்க."

நான் விட்டுவிட்டேன். அவர் தந்தார், நான் வாங்கிக்கொண்டேன். அவர் மௌத்தான பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை. லீவு கிடைத்தது றபீக்கா. வந்தால் அந்த பிளேட்டுக்குக் கீழே அவரைக் கிடத்தியிருப்பீர்கள், அதனால் வரவில்லை.

மூன்று பையிலும் உப்பு இருக்கிறது என்று எழுதினேன். மூன்றிலும் ஒரே அளவு இருந்ததை எழுதவில்லை. கடல் காற்றில் வந்த உப்பென்றால் மேலே கூடவும் உள்ளே குறையவும் இருக்கும். ஒரே அளவு என்றால் குழைக்கும்போதே சேர்ந்தது. அந்த மலையாளி பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். எனக்குக் கேட்காது என்பதால் ஒரு தாளில் எழுதிக் கேட்டார், யார் மேசன் என்று. ஊரில் ஓர் ஆள் என்று எழுதிக் கொடுத்தேன்.

என்னைப் பொருந்திக்கொள் என்று கேட்க வாய் வரவில்லை. பிளேட்டை உடை. ஸம்றாவை அதற்குக் கீழே விடாதே.

மிஹ்லார்.


சாய்ந்தமருது
21.09.2025

காக்காவுக்கு,

ஸலாம் இல்லாமல் தொடங்கத்தான் நினைத்தேன். மார்க்கத்தில் அது சரியில்லை என்பதால் சொல்கிறேன், அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல். ஐந்து தரம் எழுதினேன், ஐந்தையும் அடுப்பில் போட்டேன். எழுதியதெல்லாம் ஏச்சு. உங்களை ஏசத் தொடங்கினால் பாதியில் அது அவருக்கு நான் ஏசிய ஏச்சாகவே வந்தது. வேறு ஏச்சு எனக்குத் தெரியவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. முத்தலிப் நாலு பேரை வைத்து ஆறு நாளில் பிளேட்டை உடைத்து இறக்கினார். நான் நபீஸாவின் வீட்டில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். தூண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே சீற் போட்டாயிற்று. நான் முனவ்வறாவின் வீட்டுக்கு நேரே போய், பிளேட் இல்லை, இதுதான் வீடு, விருப்பமென்றால் வாங்க என்றேன். அவ என் கையைப் பிடித்து, "என்ட மகன் என்ன, பிளேட்டயா கட்டப் போறான்?" என்றா. நல்ல மனிசி. நான் தப்பாக நினைத்துவிட்டேன். ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை நிக்காஹ். ஸம்றா முன் அறையில் புருசனோடு இருக்கிறாள். நான் குசினிக்குப் பக்கத்து அறைக்கு மாறிவிட்டேன். அங்கே இரண்டு பேரின் சிரிப்புச் சத்தம் கேட்கும்போது கதவைச் சாத்திவிட்டு நான் தனியாக இருக்கிறேன். சீற்றில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஸம்றாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வாப்பா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே உம்மா" என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

காக்கா, இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருநாள் அவர் சோறு தின்றுகொண்டிருக்கும்போது மேலிருந்து தூள் கொட்டிச் சோற்றுக் கோப்பைக்குள் விழுந்தது. நான் வேறு கோப்பை கொடுக்கவில்லை. "உங்கட மண்ண நீங்களே தின்னுங்க" என்றேன். அவர் விரலால் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தின்றார். கை கழுவிவிட்டு, கறி நல்லம் என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு வருடம் இப்படி. எனக்கு நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்து அவர் அதைத் தின்றிருக்கிறார். எனக்கு அவரும் இருந்தார் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. அதை நான் அவருக்குத் தெரிய விடவில்லை.

உங்களை வெறுக்கிறேனா என்று கேட்டால், ஓம், சில நாள் வெறுக்கிறேன். சில நாள் உங்களுக்கு மாசி இருக்கிறதா என்று யோசிக்கிறேன்.

நீங்கள் வர வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று எழுத வேண்டாம். வந்தால் நேரே வீட்டுக்கு வராதீர்கள், முதலில் அவரை அடக்கிய மையவாடிக்குப் போங்கள். பொம்பிளைகள் நாங்கள் அங்கே போகும் வழக்கம் இல்லை. ரோட்டில் போகும்போது மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறேன், அவர் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. முத்தலிப் கூட வந்து காட்டித் தருவார்.

மௌலவியிடம் கேட்டுப் பார்த்தேன். மௌத்தானவரிடம் பொருத்தம் கேட்க முடியாது, அவருக்காகத் துஆ கேட்கத்தான் முடியும் என்றார். சரி, துஆவே கேளுங்கள். ஆனாலும் கேட்டு முடித்த பிறகு கபுறுக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். முதலில் என்னைப் பற்றி. றபீக்கா அறியாமல் ஏசினாள், அவளைப் பொருந்திக்கொள்ளச் சொன்னாள் என்று. அதற்குப் பிறகு உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

இரண்டையும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். நான் உங்களைப் பொருந்திக்கொள்வதை அதற்குப் பிறகு பார்ப்போம். சோறு ஆக்கி வைத்திருப்பேன்.

தங்கச்சி,
றபீக்கா.